டாப்சிலிப்: ஒரு மலைச் சிற்றூரின் நிலமும் வரலாறும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபத்தைந்து ஆண்டுக் கல்விப் பணியைக் கொண்டாடும் இந்த அவையில் பெரிய பெரிய பொருள்களைப் பற்றிப் பேச அறிஞர் பலர் உள்ளனர். நாம் எடுத்துக்கொண்டிருப்பதோ மிகச் சிறிய பொருள். தனக்கென ஊராட்சி மன்றம் இல்லாத, தலைவர் இல்லாத, குடியிருப்போர் பலருக்குக் கையகல நிலத்துக்கும் பட்டா இல்லாத ஒரு மலைச் சிற்றூரைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம். அதன் பெயர் டாப்சிலிப். நம்மில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே சென்றிருப்போம். புல்வெளியில் மான்களைக் கண்டிருப்போம். யானையைக் கண்டு மகிழ்ந்து, மாலையில் பேருந்தேறித் திரும்பியிருப்போம். அங்கே ஓர் ஊர் இருக்கிறது என்பதையும், அவ்வூருக்கு நம் வரலாற்றோடு நெருங்கிய உறவு உண்டு என்பதையும் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

ஊர் வரலாறு என்றவுடன் அரசர் பெயரும் கோயில் கல்வெட்டும் தேடுவது நம் நாட்டு வழக்கம். அவை இரண்டும் இல்லாத ஊருக்கு வரலாறே இல்லை என்பாரும் உளர். கொங்கு நாட்டில் நம் முன்னோர் வாழ்ந்த தெருக்களில் பெரும்பாலானவை அத்தகையவையே. ஊர் ஒரு பெயரோடு நிற்கும். நம் தெரு அந்தப் பெயரின் பின்னால் ஒட்டிய வாலாக நிற்கும். அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, இந்தியக் கிராமத்தைப் பொற்காலச் சின்னமாகப் போற்றியவர்களைக் கடுமையாக மறுத்துரைத்தார் என்பதை நாம் அறிவோம். ஆகவே, கிராமத்தின் பெருமை பாடுவது நம் நோக்கமன்று. ஓரிடத்தில் யார் உழைத்தார்கள், யார் பெயர் நின்றது, நிலம் யார் கையில் போயிற்று என்று கேட்பதே நமக்குரிய வரலாறு.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். பொள்ளாச்சியிலிருந்து தென்மேற்கே ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் வழியாகச் சென்றால் மலையடிவாரத்தில் சேத்துமடை வரும். அங்கிருந்து மலைப்பாதை. பொள்ளாச்சியிலிருந்து மொத்தம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில், மலை தன் சரிவைச் சற்றே நிறுத்திக்கொண்டு சமவெளியாக விரிகின்ற இடமே டாப்சிலிப். வடக்கே நோக்கினால் பொள்ளாச்சிச் சமவெளியும், அதற்கப்பால் பாலக்காட்டுக் கணவாயும் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் கணவாய் அது. அந்த வாயில் வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று நம் வயல்களுக்கு வருகின்றது. கோவைக்குக் கிழக்கே வறண்ட பூமி இருக்க, பொள்ளாச்சிச் சீமை மட்டும் பசுமையாக இருப்பதற்கு அக்காற்றும் இம்மலையுமே காரணங்கள்.

தென்னாட்டில் ஆறு என்றால் கிழக்கே ஓடி வங்கக் கடலில் விழும் என்று பாடநூலில் படித்திருக்கின்றோம். நம் பொள்ளாச்சிச் சீமையின் ஆறு அப்படியன்று. ஆழியாறு மலையிறங்கி வடமேற்கே திரும்பி, பாரதப்புழையோடு சேர்ந்து அரபிக் கடலை அடைகின்றது. டாப்சிலிப்புக்குத் தென்மேற்கே உள்ள பரம்பிக்குளத்துப் பள்ளத்தாக்கின் நீரோ சாலக்குடி ஆற்றின் வழியே அதே கடலுக்குச் செல்லும். ஆக, டாப்சிலிப் ஒரு நீர் பிரியும் மேட்டின் அருகே அமர்ந்திருக்கின்றது. பரம்பிக்குளம் கேரள மாநிலத்துக்கு உரியது. ஆயினும் வண்டியில் அங்கே செல்ல வேண்டுமானால் தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் செல்லுதல் கூடும். மாநில எல்லை வரைந்தவர்கள் ஒரு வழியில் சிந்தித்தார்கள். மலை வேறு வழியில் சிந்தித்திருக்கிறது.

காட்டின் இயல்பையும் அறிதல் வேண்டும். டாப்சிலிப்பைச் சூழ்ந்திருப்பது பெரும்பாலும் இலையுதிர் காடு. தேக்கு, ஈட்டி, வேங்கை, மருது, மூங்கில் ஆகியவை அதன் செல்வங்கள். மாசி, பங்குனியில் இலையெல்லாம் உதிர்ந்து காடு எலும்புக்கூடாக நிற்கும். தீ பரவும் காலமும் அதுவே. அதற்கு மிக அருகிலேயே கரியன் சோலை என்னும் பசுமைமாறாக் காடு. உள்ளே நுழைந்தால் உச்சிப்பொழுதும் அந்தியாகத் தோன்றும். சங்க நூலாகிய பதிற்றுப்பத்தில் சேர மன்னன் பல்யானைச் செல்கெழு குட்டுவனோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் உம்பற்காடு இந்த ஆனைமலைப் பகுதியே என்று அறிஞர் பலர் கருதுவர். உம்பல் என்றால் யானை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இம்மலை யானையின் பெயரோடே வாழ்கின்றது.

அப்படியிருக்க, இவ்வூருக்கு மட்டும் ஓர் ஆங்கிலப் பெயர் வந்தது எப்படி? இங்கேதான் நம் பொருள் சூடு பிடிக்கின்றது.

வெள்ளையர் ஆட்சிக்குக் கப்பல் கட்ட மரம் வேண்டியிருந்தது. ஆங்கில நாட்டின் ஓக்கு மரங்கள் குறைந்துவிட்ட காலம் அது. கடல் நீரில் எளிதில் அழுகாத, இரும்பாணியை அரிக்காத தேக்கு மரம் அவர்கள் கண்ணில் பட்டது. பம்பாய்க் கப்பல் தளத்துக்குத் தேக்கு அனுப்பும் பொருட்டு, 1848ஆம் ஆண்டில் கேப்டன் மைக்கேல் என்னும் படை அதிகாரி ஆனைமலைக் காட்டுக்கு அனுப்பப்பட்டார். அடுத்துச் சென்னை மாகாணத்தில் வனத்துறை தோன்றி, 1856இல் கிளெக்கார்ன் என்னும் மருத்துவர் அதன் முதல் வனக்காவலராக அமர்ந்தார். அவரும் ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளுக்குச் சென்று ஆய்ந்து எழுதினார். அதே காலத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கரைக்கு இருப்புப்பாதை போடும் பணியும் நடந்து, 1860களின் தொடக்கத்தில் போத்தனூரைக் கடந்து பேப்பூர் வரை சென்றது. தண்டவாளத்தின் கீழே போடும் சிலீப்பர் கட்டைகளுக்கும் மரம் தேவைப்பட்டது. கப்பலும் புகைவண்டியும் சேர்ந்து ஆனைமலையின் தேக்கை விழுங்கின.

வெட்டிய மரத்தை மலையிலிருந்து இறக்குவது எப்படி? அன்று இன்றைய தார்ச்சாலை இல்லை. காட்டில் வெட்டுண்ட மரத்தை யானைகள் இழுத்து மேட்டின் விளிம்புக்குக் கொண்டுவரும். அங்கிருந்து சரிவில் உருட்டிச் சறுக்க விட்டார்கள். மரம் தன் எடையாலேயே வழுக்கிக் கொண்டு அடிவாரத்தை நோக்கிப் பாயும். கீழே சேத்துமடைப் பக்கம் அதனைச் சேர்த்து, மாட்டுவண்டியில் ஏற்றிச் சமவெளிக்குக் கொண்டு சென்றனர். உச்சியிலிருந்து வழுக்குமிடம் என்னும் பொருளில் வெள்ளைக்காரர் வழங்கிய வேலைக் குறிப்பே டாப்சிலிப். அந்தக் குறிப்பு ஊரின் பெயராக நிலைத்துவிட்டது.

ஊர்ப்பெயர் ஆய்வில் ஈடுபடும் இளைஞர்கள் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். பொதுவாக ஊர்கள் மரத்தால், குளத்தால், தெய்வத்தால், தலைவனால் பெயர் பெறும். இவ்வூரோ ஒரு வேலையால் பெயர் பெற்றது. ஆனால் அந்த வேலையைச் செய்தவர் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. உருளும் மரத்தின் முன்னே நின்று திசை திருப்பியவர் யார்? சரிவில் சிக்கிய மரத்தைக் கம்பி போட்டு நெம்பியவர் யார்? யானையை ஓட்டியவர் யார்? காய்ச்சலில் மாண்டவர் எத்தனை பேர்? மலைக்காய்ச்சல் என்றால் அன்று பொள்ளாச்சிச் சீமையே நடுங்கும். அதிகாரிகள் தம் உடல்நிலையை நாட்குறிப்பில் எழுதி வைத்தனர். கூலியாட்களின் உடல்நிலையை எழுதி வைக்க அவர்களுக்குக் கையெழுத்து அறிந்த ஒருவர் கூட இல்லாதிருந்தனர். கல்விக் கழகம் ஒன்று ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் நமக்குத் தேவையில்லை.

மலைக்கு மறுபுறமும் இதே கதைதான். கொச்சி அரசு பரம்பிக்குளத்துக் காட்டிலிருந்து சாலக்குடிக்குத் தனியே ஒரு டிராம் பாதையை அமைத்தது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதை 1907 முதல் மரம் சுமந்து இயங்கிற்று. கிழக்கே மாட்டுவண்டி, மேற்கே டிராம் வண்டி. இரண்டும் சுமந்தது ஒரே மலையின் செல்வத்தை.

இனி, டாப்சிலிப் என்றவுடன் எல்லோரும் சொல்லும் ஒரு பெயருக்கு வருவோம். ஹியூகோ உட் என்னும் வன அதிகாரி 1870இல் பிறந்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் கோவை தெற்கு வனக் கோட்டத்துக்குப் பொறுப்பேற்றார். அதற்குள் மலை பெரிதும் மொட்டையாகியிருந்தது. மரத்தை வேரோடு கல்லக் கூடாது, அடிக்கட்டையை விட்டு வெட்டினால் அதிலிருந்தே மறுபடி துளிர்க்கும் என்று அவர் வற்புறுத்தினார். வெட்டும் பரப்பை முறைப்படுத்தினார். தேக்குக் காடுகளைப் புதிதாக வளர்த்தார். சட்டைப் பையில் தேக்கு விதையை நிரப்பிக்கொண்டு, கைத்தடியால் மண்ணைக் குத்திக் குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்றும் வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. 1926இல் பணி ஓய்வு பெற்று, 1933இல் குன்னூரில் மறைந்தார். அவர் விருப்பப்படியே டாப்சிலிப்பில் அடக்கம் செய்யப்பட்டார். நினைவுச்சின்னத்தைக் காண விரும்பினால் சுற்றிலும் பாருங்கள் என்னும் பொருளுடைய இலத்தீன் வாசகம் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

உட் துரை நல்லவர். அதில் நமக்கு ஐயமில்லை. தம் நாட்டார் அழித்ததைத் தாமே திருத்த முனைந்தவரைப் போற்றுவதில் குறையில்லை. ஆனால் கல்லறை சொன்னபடி சுற்றிலும் பார்க்கின்றபோது, ஒரு மனிதரின் கைத்தடியால் மட்டும் இத்தனை மரம் முளைத்திருக்குமா என்ற கேள்வி எழாமல் போகாது. குழி வெட்டியவர், நாற்றுச் சுமந்தவர், களை பறித்தவர், தீத்தடுப்புக் கோடு செதுக்கியவர் ஆயிரக்கணக்கானோர் இருந்திருப்பர். மேலும் ஒன்று. தேக்கு மட்டுமே வரிசையாக நிற்கும் காடு அரசுக்கு வருவாய் தரும். காட்டுக் கிழங்கையும் தேனையும் நம்பி வாழ்ந்தவனுக்கு அது சோறு தராது. யானைக்கும் அது தீனி தராது. காடு திரும்பி வந்தது உண்மை. எந்தக் காடு, யாருக்காக வந்தது என்று கேட்கவும் நாம் பழகுதல் வேண்டும்.

இம்மலையின் மக்கள் காடர், மலசர், மலைமலசர், எரவாளர், முதுவர், புலையர் என்னும் ஆறு வகுப்பினர். ஆனைமலைக் காட்டினுள் முப்பதுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளில் இவர்கள் வாழ்கின்றனர். டாப்சிலிப்பைச் சுற்றியே எருமைப்பாறை, கூமாட்டி, கோழிகமுத்தி முதலிய குடியிருப்புகள் உள்ளன. காடர் தேன், மெழுகு, ஏலம் முதலிய காடுபடு பொருள் சேகரிப்பதில் வல்லவர். காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர். மலசரோ யானையின் தோழர்கள். கோழிகமுத்தி யானை முகாமில் பாகர்களாகவும் காவடிகளாகவும் இருப்பவர் பெரும்பாலும் அவர்களே. அம்முகாமின் புகழ்பெற்ற கும்கி யானை கலீம், 2023 மார்ச்சில், 60ஆம் வயதில், வனத்துறையினரின் அணிவகுப்பு மரியாதையுடன் பணி ஓய்வு பெற்றது. செய்தித்தாள்கள் எல்லாம் படம் போட்டன. யானைக்குக் கிடைத்த மரியாதையில் நமக்கும் மகிழ்ச்சியே. அந்த யானையின் கழுத்தில் அமர்ந்து, உயிரைப் பணயம் வைத்த பாகர் மரபுக்கும் ஒரு நாள் அத்தகைய அணிவகுப்பு நடக்குமாயின் மகிழ்ச்சி இரட்டிப்பாகும்.

இவர்களுள் புலையரின் நிலையை நம் இளைஞர்கள் சிறப்பாக அறிதல் வேண்டும். உடுமலைப் பக்கத்தில் குருமலை, குழிப்பட்டி முதலிய மலையூர்களில் வாழும் இவர்கள் முன்பு பழங்குடியினர் பட்டியலில் இருந்தவர்கள். 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பின் பட்டியல் சாதியினராகக் கொள்ளப்பட்டனர். மலை மாறவில்லை, குடிசை மாறவில்லை, தொழில் மாறவில்லை, தாளில் ஒரு வரி மட்டும் இடம் மாறிற்று. இதனால் என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள், அக்கேட்டினைப் பின்னர்ச் சொல்வோம்.

விடுதலைக்குப் பின் மலைக்கு வந்த பெரிய மாற்றம் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம். 1961 அக்டோபர் 7ஆம் நாள் பிரதமர் நேரு அதனைத் தொடங்கி வைத்தார். மேற்கே ஓடும் நீரை அணைகளாலும் சுரங்கங்களாலும் மறித்துக் கிழக்கே திருப்பிய பொறியியல் அருஞ்செயல் அது. தூணக்கடவிலிருந்து சுரங்கத்தின் வழியே வரும் நீர் சர்க்கார்பதியில் மின்சாரம் தந்து, பின் மலையோரக் கால்வாயில் திருமூர்த்தி அணை வரை செல்கின்றது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்குமான உடன்படிக்கை 1970 மே 29இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதலே செல்லுபடியாகும் என்று வகுக்கப்பட்டது. இன்று மூன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெறுகின்றது. பொள்ளாச்சித் தென்னை நாடறிந்ததாயிற்று.

நீர் வந்தது நாட்டுக்கு நன்மை. ஆனால் வாய்க்கால் நீர் நிலமுள்ளவன் வயலுக்குத்தான் பாயும். நிலமில்லாதவன் வீட்டு வாசலில் அது நின்று விசாரிப்பதில்லை. சுரங்கம் குடைந்த கைகளிலும் வாய்க்கால் வெட்டிய கைகளிலும் நம்மவர் கைகள் பல இருந்தன. பாசன நிலத்தின் பதிவேட்டில் நம்மவர் பெயர்கள் மிகச் சில. இன்னொன்றையும் இடையே சொல்லிச் செல்வோம். கவலை இறைத்த காலத்தில் பறி தைத்தும், தோல்வால் கட்டியும், செருப்புத் தைத்தும் நம்மவருள் ஒரு சாரார் ஊருக்கு இன்றியமையாதவராய் இருந்தனர். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் மெல்ல மெல்ல மின் இறைவைகள் பெருகின, கவலை ஓய்ந்தது, அதனோடு அத்தொழிலும் ஓய்ந்தது. தோல் தொழிலின் இழிவு என்று சொல்லப்பட்டது அகன்றதில் வருத்தமில்லை. அதற்கு ஈடாக ஒரு பிடி நிலமோ வேறு தொழிலோ தரப்படாததுதான் வருத்தம்.

டாப்சிலிப்புக்குத் திரும்புவோம். 1976இல் இக்காடு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 958 சதுர கிலோமீட்டர் பரப்பு. பின்னர் இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டு, 2007இல் ஆனைமலைப் புலிகள் காப்பகமாயிற்று. மரம் இறக்கிய ஊர், விலங்கைக் காக்கும் ஊராகவும் விருந்தினரை வரவேற்கும் ஊராகவும் மாறியது. கோடரி நின்றது நன்றே. ஆனால் காட்டைக் காப்பது என்னும் பெயரால் காட்டில் பிறந்தவனை அயலானாக நோக்கும் பழக்கம் 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. கிழங்கு தோண்டினால் குற்றம், மூங்கில் வெட்டினால் குற்றம், மாடு மேய்த்தால் குற்றம். நூறாண்டு கடந்தும் அந்த மனப்போக்கு முற்றும் அகலவில்லை.

இந்நிலையில்தான் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தது. நம் பொருளுக்கு அதன் இரண்டு கூறுகள் முதன்மையானவை. முதலாவது, ‘கிராமம்’ என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கம். வனக் கிராமங்கள், பழைய குடியிருப்புகள், அளவை செய்யப்படாத ஊர்கள் ஆகியவை, கிராமம் என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், சட்டத்தின் கண்ணில் கிராமங்களே. அவற்றை வருவாய்க் கிராமங்களாக மாற்றிக்கொள்ளும் உரிமையும் அதில் உண்டு. பதிவேட்டில் இல்லாத ஊரும் ஊரே என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது சிறிய செய்தியன்று. தமிழ்நாட்டில் 2008இல் ஏற்பட்ட நீதிமன்றத் தடையால் உரிமைப் பட்டங்கள் வழங்குவது நெடுநாள் முடங்கி, 2016இல் உச்சநீதிமன்றத்தில்தான் வழி பிறந்தது.

இரண்டாவது கூறுதான் முன்னே நிறுத்தி வைத்த கேட்டினை விளக்கும். உரிமை கோருபவர் பழங்குடிப் பட்டியலில் இருந்தால், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அக்காட்டை வாழ்வுக்காகச் சார்ந்து குடியிருந்தார் என்று காட்டினால் போதும். பட்டியலில் இல்லாதவரோ ‘பிற மரபுவழி வனவாசி’ ஆகின்றார்; அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததை மெய்ப்பித்தல் வேண்டும். மலைப்புலையர் குடும்பம் ஒன்று 1930ஆம் ஆண்டில் தன் பாட்டனார் இந்த மலையில்தான் இருந்தார் என்பதற்குச் சான்று தேட வேண்டும்! எழுத்தே எட்டிப் பார்க்காத குடிசையில் எழுத்துச் சான்றுக்கு எங்கே போவது? 1976இல் தாளில் இடம் மாறிய ஒரு வரியின் எடை இப்போது விளங்கும்.

ஆயினும் அச்சட்டத்தின் விதிகளே ஒரு வாசலையும் திறந்து வைத்துள்ளன. பட்டாவும் பத்திரமும் மட்டுமே சான்று என்று அவை சொல்லவில்லை. அரசிதழ்களும் மக்கள்தொகைக் கணக்கும் சான்று. பழைய கிணறு, வீட்டுத் தளம், இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவை சான்று. வம்சாவளி சான்று. உரிமை கோராத பிற முதியவர்கள் சொல்வதை எழுத்தில் பதிந்தால் அதுவும் சான்று. ஊர் வரலாறு எழுதுவது பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தோர் இவ்விடத்தில் சற்று நிமிர்ந்து உட்காரலாம். பாட்டி சொன்னதை ஒரு மாணவன் தேதியிட்டு எழுதி வைத்தால், அது ஒரு குடும்பத்தின் நிலமாக மாறக் கூடும்.

எழுதியவற்றோடு உறுதியும் சேர வேண்டும் என்பதற்கு அண்மைச் சான்று கல்லார். வால்பாறைப் பக்கத்துக் காட்டில் இருந்த இக்காடர் குடியிருப்பு 2019 ஆகஸ்டு மழையில் மண்சரிவுக்கு ஆளாயிற்று. மக்கள் தெப்பக்குளமேட்டில் குடிசை போட்டனர். அங்கிருந்து அகற்றப்பட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பழைய வீடுகளில் ஈராண்டுக்கு மேல் காத்திருந்தனர். 2021 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று அறப்போராட்டத்தைத் தொடங்கினர். அதன்பின் தெப்பக்குளமேட்டில் அவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. சில குடும்பங்களே கொண்ட ஊர் அது. எண்ணிக்கையில் சிறிய ஊர் தான் வாழ வேண்டிய இடத்தைத் தானே குறிப்பிட்டுப் பெற்றது.

இனி, சமவெளியில் உள்ள நம் குடியிருப்புகளைப் பற்றிச் சில சொற்கள். நாம் மலையில் வாழவில்லை. நம் உரிமைக்கு வன உரிமைச் சட்டமும் பொருந்தாது. எனினும் டாப்சிலிப்பின் நிலையும் நம் தெருக்களின் நிலையும் ஓரளவு ஒன்றே. வேறோர் ஊரின் எல்லைக்குள், வேறோர் ஊரின் பெயரால் நாம் குறிக்கப்படுகின்றோம். ‘காலனி’ என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது, வரவேற்போம். அந்தச் சொல் போன இடத்தில் எந்தப் பெயரை வைப்பது? தெருவின் பழம்பெயர் என்ன, யார் முதலில் குடியேறினார்கள், நத்தம் எப்போது அளக்கப்பட்டது என்று நமக்கே தெரியாவிட்டால், பெயர் வைப்பதையும் பிறரே செய்வர்.

நிலத்தைப் பொறுத்தும் அப்படியே. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892 செப்டம்பர் 30இல் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்து ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வழங்க முன்வந்தது. பத்தாண்டுகள் விற்கலாகாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்டோரன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பது கட்டளை. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதனையே. அந்நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் உள்ளது என்பது அனைவரும் அறிந்ததே. அவற்றை மீட்க வேண்டுமானால் முழக்கம் மட்டும் போதாது. புல எண் வேண்டும். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுமனைக்கென எடுக்கப்பட்ட நிலங்களிலும், மனை கிடைத்தும் பட்டா கிடைக்காதவர் உளர்.

ஆகவே வெள்ளி விழா ஆண்டில் நம் கழக இளைஞர்கள் ஒரு வேலையை ஏற்க வேண்டுகின்றோம். ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். முதற் பக்கத்தில் கையால் வரைந்த படம்: வீடுகள், கிணறு, கோயில், இடுகாடு, இடுகாட்டுக்குச் செல்லும் வழி, அவ்வழி எங்கே மறிக்கப்பட்டுள்ளது என்பது உட்பட. அடுத்து, அறுபது வயது கடந்த ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிய செய்தி, கேட்ட தேதியோடும் சொன்னவர் கைந்நாட்டோடும். பின்பு கிராம நிர்வாக அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டிலும் அடங்கலிலும் பார்த்து எழுதிய புல எண்களும் பரப்பும். பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் நம் தெருவிலிருந்து முதன்முதல் எந்த ஆண்டில் ஒரு குழந்தை சேர்ந்தது, அது ஆணா பெண்ணா, எந்த வகுப்போடு நின்றது என்பதும் இடம்பெறட்டும். தோட்டத்துக்கோ கால்வாய் வேலைக்கோ மரவேலைக்கோ மலையேறிப் போனவர் இருந்தால், எந்தக் கங்காணியோடு போனார், திரும்பி வந்தாரா என்பதையும் கேளுங்கள். வால்பாறைத் தோட்டங்களின் அந்தத் துயர வாழ்வை மருத்துவர் பி. எச். டேனியல் 1969இல் ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நூலில் எழுதினார், இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். கழக நூலகத்தில் அதனைச் சேர்த்தல் நலம்.

எழுதும்போது அழகு நடை தேட வேண்டா. கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். நோட்டின் ஒரு படி குடியிருப்பிலேயே இருக்கட்டும். ஒரு படியைக் கழகத்தில் ஒப்படையுங்கள். வரும் தைத் திங்களுக்குள் ஆனைமலை, கோட்டூர், வேட்டைக்காரன்புதூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து முதல் நோட்டுகள் வந்து சேர்தல் வேண்டும். மலையூர்த் தோழர்கள் உதவி கேட்டால், எழுதத் தெரிந்த இருவர் இருவராகச் சென்று எழுதிக் கொடுக்க அணியமாய் இருத்தல் வேண்டும். பெயர் தர விரும்புவோர் கூட்டம் முடிந்தவுடன் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம்.